நீட்டிய கம்பு

அன்று சர்வே சார் இருந்தார். ஜீப் டிரைவர் இருந்தார். என் அக்கா அவள் வீட்டு அடுக்களை வாசலில் நின்றாள். கைதை எனும் தாழைப் புதருக்குள் கம்பைப் பிடித்தபடி நான் நின்றேன். மேலே பதினேழு பேர் நிற்பதாகச் சார் சொன்னார். செயற்கைக்கோள்களைத்தான் அப்படிச் சொல்வார். எத்தனை என்று அவர் மடியில் இருந்த பெட்டியில் தெரியும். "பதினேழு பேரு பாத்துட்டு நிக்கான் லே, கம்ப நேராப் பிடி."

மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே ஆறு வளையும் இடம் அது. வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட, கரை, பள்ளம், மறுகரை என்று எல்லா இடத்தின் உயரமும் வேண்டும். கணக்கில் தண்ணீர் எங்கே கரை தாண்டுகிறதோ அங்கே சுவர் கட்டுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கம்பு பிடிக்கக் கூலிக்குப் போனேன். கம்பின் உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவி. கம்பின் நீளத்தைப் பெட்டியில் சொல்லிவிட்டால், அதைக் கழித்துத் தரையின் உயரத்தைத் தந்துவிடும். சார் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தண்ணீரில் அவர் கால் வைத்ததில்லை. ஷூ நனையும். தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழம்பொரி தின்பார். எண்ணெய் விரலாலேயே பெட்டியை அமுக்குவார்.

அக்கா வீட்டுக் கரையில் கைதை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. சிக்னல் கிடைக்கவில்லை. கம்பை அரை மீட்டர் நீட்டச் சொன்னார். நீட்டினேன். அதன் பிறகுதான் அந்தப் பதினேழு பேரும் பெட்டியில் தெரிந்தார்கள். அந்தக் கரை முழுவதும் அளந்து முடித்த பிறகு கேட்டேன்.

"சார், பெட்டியில நீளத்த மாத்தினியளா?"

குனிந்து பார்த்தார். மாற்றவில்லை. "ஆபீஸ்ல போய்க் கழிச்சுக்கிடலாம் லே. இனி எவன் கெடந்து திரும்ப அளப்பான்?"

"குறிச்சு வைக்காண்டாமா சாரே?" என்றார் டிரைவர்.

"மேல அத்தன பேரு சாட்சி நிக்கான். பொறவு என்ன?"

டிரைவர் சிரித்தார். சார் சொன்னால் சிரிக்க வேண்டும். அக்கா கட்டன்சாயா கொண்டுவந்தாள். "சாரே, எங்க பக்கமும் சுவரு வருமா? வெள்ளம் வந்தா மொதல்ல எனக்க அடுக்களையிலதான் கேறும்."

"கணக்கு சொல்லும்மா. நானா சொல்லுறது?"

கணக்கு சொன்னது. அக்காவின் கரைக்கு உயரம் போதும், சுவர் வேண்டாம். கழிக்காத அரை மீட்டர், இல்லாத மண்ணாக அவள் கரைமேல் ஏறி நின்றது. சுவர் பக்கத்துத் தென்னை விளையோடு நின்றுவிட்டது. பஸ் ஏறி ஆபீசுக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். "ரிப்போர்ட்டுல ஒப்பு போட்டாச்சு. அரை மீட்டருக்கு இப்பிடி ஒரு கரச்சலா லே?" என்றார். தெரியாமல் செய்தவனை நான் மனிதனாக நினைப்பேன். இவருக்குத் தெரியும். ஒரு எண்ணைக் கழிக்கச் சோம்பல்.

மழை வந்தது. சுவர் முடிந்த இடத்தில் ஆறு திரும்பி, நேரே அடுக்களைக்குள் ஏறியது. அக்கா பிழைத்தாள். வீடு பிழைக்கவில்லை. இப்போது மகள் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் கட்டில் போட்டுக் கிடக்கிறாள். மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் தக்கலையில் ஒரு சாயாக்கடையில் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். கையில் பழம்பொரி.

"லே மக்கா, நம்ம ஆத்து வேலை நினைவிருக்கா? இப்ப உள்ள பயலுவளுக்கு அப்பிடிச் செய்யத் தெரியுமா?"

"எனக்க அக்கா கரையில கம்ப எவ்வளவு நீட்டினோம் சார்?"

"எந்த அக்கா?"

விரலை நக்கினார். நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை.

"செரி. அன்னைக்கு மேல எத்தன பேரு நின்னானுவ?"

அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. முகம் மலர்ந்தது.

"பதினேழு."