அவன் கையிலிருந்த களி

யுத்த காலத்தில், என் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, பக்கத்துக் காட்டுக்காரரின் மகனுக்குக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கக் கற்றுக்கொடுத்தேன். இருபது வயதாகியும் புத்தி வளராதவன். மாடுகளைப் பின்னுக்கு நடத்தக்கூடப் பழகிவிட்டான். மதியத்தில் மட்டும் களியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பான்.

"திங்கறதுக்குமாடா சொல்லித்தரணும்?" என்று தினமும் எரிந்து விழுந்து, நானே முதலில் தின்று காட்டுவேன். அவனை ஆளாக்குவதாகப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் பெருமை வேறு பேசினேன்.

ஒருநாள் அவன் அம்மாவிடமே அலுத்துக்கொண்டேன். அவள் தலைகுனிந்தாள்.

"நாந்தாங்க சொல்லி அனுப்புனேன், அவரு தின்னாத்தான் நீயும் திங்கணும்னு. அக்கா போனதிலிருந்து பட்டினியா கெடந்தீங்களே."

அவன் வந்த பிறகு நான் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவன் முகத்தைப் பார்க்காமலே என் களியை விழுங்கினேன். உடனே அவனும் தின்றான்.