வேன் கண்ணாடியில் பாண்டியம்மாள் கையெழுத்து

ஸ்டிக்கர் ரோலைப் பிரித்ததும் ஒரு வாடை வரும்... புது ரப்பர் செருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டிக்கர் கடையில் நாள் முழுக்க அந்த வாடைதான். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் போகாது.

சேர்ந்தது டிசைனராக. ஆனால் மூன்று மாதமாக நான் செய்தது போன் எடுப்பதும், வெட்டி வந்த ஸ்டிக்கரில் வேண்டாத பகுதியை ஊசியால் குத்தி உரிப்பதும்தான்.

கம்ப்யூட்டர் செல்வம் அண்ணனுடையது. கடையின் சீனியர் டிசைனர். யாராவது பக்கத்தில் போனால் கீபோர்டு மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் கையை விட்டுத் தட்டுவார். சத்தியமாகச் சொல்கிறேன், துண்டுதான். எந்தக் கீயை அமுக்குகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். "தொழில் ரகசியம்த்தா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலையில் நிலக்கோட்டையிலிருந்து பாண்டியம்மாக்கா வந்தார். மல்லிகைப்பூ வியாபாரி. சொந்தமாக முதல் வேன் எடுத்திருந்தார். ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். அதில் அவருடைய கையெழுத்து.

"அச்செழுத்தெல்லாம் வேணாம்ப்பா. இம்புட்டு நாளும் கைநாட்டு வச்சவ நான். இப்பத்தேன் எழுதப் படிச்சேன். இதையே பின் கண்ணாடில பெருசா ஒட்டிக் குடுங்க. சாயங்காலம் கோயில்ல வண்டிக்குப் பூசை."

செல்வம் அண்ணன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, தரையில் விரித்த ஒரு கல்யாண பேனருக்கு ஓரம் மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். "நீ பண்ணிருவியா?"

"பண்ணிருவேண்ணே."

தாளை ஸ்கேன் செய்து, கையெழுத்தின் மேலேயே கோடு இழுத்தேன். கடைசி 'ள்' மேல் வைத்த புள்ளி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அதையும் அப்படியே வைத்தேன். கோட்டின் தடிமனைக் கூட்டினேன். ஸ்கிரீனில் அம்சமாக இருந்தது.

செல்வம் அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். நன்றாக, நின்று நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு, கட்டிங் குடு" என்றார்.

மெஷின் ஓடி முடித்தது. உரித்தேன்... உரிக்க உரிக்க எல்லாம் கையோடு வந்துவிட்டது. ஓர் எழுத்துகூட நிற்கவில்லை. மெஷின் பிளேடு நான் இழுத்த கோட்டின் நடுவே ஒரே ஒரு கீறலை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தது. தடிமன் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

"ஏத்தா... எம்பேரு எங்கத்தா?" என்றார் பாண்டியம்மாக்கா.

"அப்பவே சொன்னேன் முதலாளி, கத்துக்குட்டிக்கிட்டக் குடுக்காதீகன்னு" என்றார் செல்வம் அண்ணன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைலருந்து நீ போன் மட்டும் எடும்மா. கம்ப்யூட்டர் பக்கம் வராத."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம்.

"போன் எடுக்க நான் இங்க வரலண்ணே. ஒரு மணி நேரம் குடுங்க, இதச் சரி பண்றேன். முடியலைன்னா நாளைக்கு நான் வேலைக்கே வரல."

வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"சரி, ஒரு மணி நேரம்" என்றார் முதலாளி. செல்வம் அண்ணன் சாப்பிடக் கிளம்பினார். நான் அவருடைய பழைய பைல் ஒன்றைத் திறந்தேன். நிறத்தை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் வரைவை மட்டும் காட்டுகிற வியூ ஒன்று உண்டு, அதில் வைத்துப் பார்த்தேன். அவர் வரைந்த கோட்டுக்கு ரோட்டைப் போல இரண்டு கரை இருந்தது. என்னுடையது ஒற்றை நூலாகக் கிடந்தது. அட... கோட்டைக் கோடாகவே விடக் கூடாது, அதை ஓர் உருவமாக மாற்ற வேண்டும். மாற்றினால்தான் பிளேடு அதன் ஓரத்தைச் சுற்றி வெட்டும். ஓரத்தை எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுத்துத் திருத்தவும் செய்யலாம்.

ஒவ்வொரு மெனுவாகத் திறந்து தேடினேன். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, அடியில் ஒளிந்திருந்தது. ஒரே கிளிக். இதற்கா துண்டு?

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மறுபடி மெஷினுக்கு அனுப்பினேன். இந்த முறை உரித்தபோது கையெழுத்து முழுசாக நின்றது. பாண்டியம்மாக்கா அந்தத் தள்ளிப்போன புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். "எங்கையி வச்ச மாதிரியே இருக்குத்தா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

செல்வம் அண்ணன் திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அண்ணே, காலைல நின்னு பாத்தப்பவே இது வெட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தொழில்னா அப்படித்தேன். நாங்கல்லாம் இப்படித்தேன் கத்துக்கிட்டோம்" என்றார்.

மறுநாளிலிருந்து போனை முதலாளியே எடுத்தார். கடைக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தபோது அது என்னுடையதானது.

இப்போது எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. மெஷின் மாறிவிட்டது, சாஃப்ட்வேர் மாறிவிட்டது, மொபைலில் தேடினால் எல்லாவற்றுக்கும் வீடியோ கிடைக்கிறது. ஆனால் மனுஷ புத்தி? போன வாரம் டிசைனர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு புதுப்பெண் கேட்டிருந்தாள், 'நான் போட்ட கோடு கட் ஆகவே மாட்டேங்குது, என்ன பண்றது?' என்று. எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பதில் ஒன்றுகூட இல்லை.

நான் முழுசாக எழுதிப் போட்டேன். உடனே அட்மின் வந்தார். "மேடம், இதெல்லாம் ஓப்பனா போடாதீங்க. ஃபீல்டு கெட்டுப்போயிரும்."

"கெட்டுப்போகட்டும் சார்" என்றேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

சந்தோஷம். இது என் சொந்தப் பக்கம், இங்கே யாரும் என்னைத் தூக்க முடியாது. கோட்டை செலக்ட் பண்ணுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், கியூ மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள், கோடு உருவமாகிவிடும். உங்கள் சாஃப்ட்வேரில் வேறு கீ என்றால் கமெண்டில் கேளுங்கள், எல்லோரும் பார்க்கவே பதில் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கடையில் ஆளில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை... ஆறவும் வேண்டாம்.