குடியை விட்டதற்கு ஒரு பெட்டி ஸ்டவுட்

நேற்று ஈப்போவில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா தைலப் போத்தலைத் திறந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முறைத்தார். தைலம் மோந்தால் எனக்கு என் மச்சான் குடியை விட்ட கதைதான் ஞாபகம் வருமென்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர். பொழுது சாயும் வரைக்கும் நல்ல மனிதர். அதற்குப் பிறகு யாரென்று அவருக்கே தெரியாது. பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லகாட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். "தீவாளி வரைக்கும் தொடாம இருக்கட்டும், வாரேன். ஒரு சொட்டு பட்டுச்சுன்னாலும் அத்தோட சரி" என்றாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

குனோங் ராபாட்டில் மலையடியில் ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. ரப்பர் தோட்டத்தை விற்றபோது ஜனங்கள் சாமியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்தார்கள். அதன் பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். நடத்தியவர் ஆரோக்கியம் அண்ணன். தேவாலயத்துக்குப் போகிறவர், தானும் குடித்து மீண்டவர். வாடகையில்லாத இடம் என்பதால் முனியாண்டியோடு ஒத்துப்போனார். வெளியே பக்தர்கள் சாமிக்குப் போத்தல் திறக்கும் சத்தம் கேட்கும். உள்ளே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் குடிப்பார்கள்.

மச்சான் ஒழுங்காகப் போனார், துணைக்கு நானும். அழுதார், புலம்பினார், அந்தக் கட்டத்தைத் தாண்டியும் விட்டார். தீபாவளி நெருங்கியபோதுதான் தலையைச் சொறிந்தார்.

"ஒரு சிக்கல் லா. குடிய விட்டா ஒரு பெட்டி ஸ்டவுட் பீர் வைக்கிறேன்னு முனியாண்டிக்கு நேந்துக்கிட்டேன்."

ஆரோக்கியம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டா, தேங்கா உடைக்கிறேன்னு வேண்டக்கூடாதா?"

"தேங்காய்க்கு மசியமாட்டாரு அண்ணே. தோட்டத்துல கள்ளு குடிச்ச சாமி."

வைக்காவிட்டால் சாமி குத்தம். வைத்தால் மச்சானே தன் கையால் மூடியைத் திறக்க வேண்டும். கூட்டமே உட்கார்ந்து யோசித்தது. பெட்டியை நான் சுமப்பதென்று முடிவானது. அங்கே குடிக்காதவன் நான் ஒருவன்தான். அதில் பெருமை ஒன்றுமில்லை, எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. வாசனை ஏறாமலிருக்க மச்சான் மூக்கு நிறையத் தைலம். சட்டையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர்.

தைலம் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு போத்தலைத் திறக்கும்போதும் மச்சானுக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். "என்னா பக்தி பாரு!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நாங்கள் எல்லாரும் மறந்துபோன ஒன்றைப் பூசாரி மறக்கவில்லை. படைத்ததில் ஒரு போத்தலை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். "பிரசாதம்பா. வேணாம்னு சொல்லக்கூடாது."

நேர்த்திக்கடன் என்று கேள்விப்பட்டு அக்கா பிள்ளைகளோடு கோயிலுக்குள் நுழைந்ததும் சரியாக அப்போதுதான். எனக்கு உயிரே போய்விட்டது.

மச்சான் போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "என் பங்கையும் நீயே குடிச்சிரு சாமி. நான் வீட்டுக்குப் போவணும்" என்று சூலத்தடியில் கவிழ்த்துவிட்டார். பூசாரி கத்தினார். அக்கா அழுதாள், தைலம் இல்லாமலே.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சாலை. கூட்டம் ஏதோ ஒரு கிளினிக் மாடிக்குப் போய்விட்டது. அதெல்லாம் போகட்டும். அக்கா திரும்பி வந்த பிறகு வருஷக்கணக்காக ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து வரும் மச்சான் வாசலில் நின்று 'ஆ'வென்று வாயைக் காட்டுவார்; அக்கா மோந்து பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றலாம். அது எப்போது நின்றதென்று இருவருக்குமே தெரியவில்லை. போன மாதம் நான் அங்கே இருந்தபோது, மச்சான் ஏதோ ஞாபகத்தில் வாசலில் நின்று வாயைத் திறந்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கொட்டாவி விட்டுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க? வந்து சாப்புடுங்க."