நாய் படுத்த பெல்ட்

என் நாயிடமிருந்து எனக்குப் படர்தாமரை வந்த கதையை நண்பர்கள் கூடும் இடங்களில் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சிரிப்பார்கள். கதையில் நாய் இருக்கும், நான் இருப்பேன், மனைவிகூட ஓரிடத்தில் வந்துபோவாள். இன்னொருவரும் இருந்தார். அவரை விட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். அவர் வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ஆட்கள் ஹெல்மெட் போடுகிறார்களா, சாப்பிடுமுன் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கு மாதச் சம்பளம். கை கழுவுவதைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவேன். வீட்டுக்குப் போனதும் நாய் என் வாயை நக்கும். அதே வாயால் காபி குடிப்பேன்.

பழுப்பு நிற நாட்டு நாய். மழையில் நனைந்துகொண்டு கம்பெனி வாசலில் நின்ற குட்டியைத் தூக்கி வந்தேன். முதல் வாரம் வராந்தாவில் படுத்தது, அடுத்த வாரம் கட்டிலுக்கு அடியில், மூன்றாவது வாரத்திலிருந்து என் அக்குளில் தலை வைத்து. நாயா நானா என்று மனைவி கேட்கவில்லை. பதில் தெரிந்திருக்கும். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். ஒருநாள் காலையில் மட்டும் சொன்னாள்: “அதுக்குக் காதாண்ட வட்டமா முடி கொட்டிக்கினு இருக்கு. டாக்டராண்ட காட்டுங்க.”

“வெயிலுக்குச் சொறிஞ்சுக்குது” என்றேன். நாய்களைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் நான்.

அந்த வாரம் புதிதாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி இருந்தது. கூரைமேல் ஏறுகிறவர்கள் தோளிலும் தொடையிலும் பட்டைகளாக மாட்டிக்கொள்ளும் பெல்ட்டைப் பற்றி நான் பேச வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்க அதைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒத்திகை பத்து நிமிடம் நடந்தது. மீதி நேரமெல்லாம் நாய் அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது. அழகாக இருந்ததால் ஃபோட்டோ எடுத்தேன்.

திங்கட்கிழமை, கூட்டத்திலிருந்து ஒருவரை முன்னால் அழைத்தேன். பெரியபாளையம் பக்கம், கூரைத்தகடு போடுகிறவர், முப்பது வயதிருக்கும். பட்டை எங்கே உட்காருகிறது என்று எல்லோரும் பார்ப்பதற்காகச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பனியன்மேல் மாட்டினேன்.

“சார், இதுல முடி ஒட்டிக்கினு கீது” என்றார்.

“உன் நெஞ்சுலேர்ந்து விழுந்திருக்கும்பா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் திருப்தி.

இரண்டு வாரத்தில் அவர் கழுத்திலும் தோளிலும் வட்டம் வட்டமாகச் சிவந்தது. கேன்டீனில் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்ல, அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“வீட்ல எல்லாரும் ஒரே பாயில படுப்பீங்களா?”

“ஆமா சார். ரூமு ஒண்ணுதான். நானு, சம்சாரம், ஏழு மாசத்துப் பொண்ணு.”

“அதான் காரணம்” என்றேன். தனித் துண்டு, தனிப் பாய், குணமாகும்வரை குழந்தையைத் தொடக்கூடாது என்று வரிசையாகச் சொன்னேன்.

“தூக்கவே கூடாதா சார்?”

“தூக்கினா அதுக்கும் வரும். வரணுமா?”

டாக்டர் கடிதத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டேன். ‘சுகாதாரமற்ற குடும்பச் சூழலால் ஏற்பட்ட தோல் நோய்’ என்று அவர் ஃபைலில் எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்தது என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாய் மடியில் தாவி ஏறியது.

கொஞ்ச நாளில் என் அக்குளும் அரிக்க ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூபைத் தடவினேன். நான்கு நாள் அடங்கியிருந்து, பெரிய வட்டமாகத் திரும்பி வந்தது. கும்மிடிப்பூண்டியில் எந்த டாக்டரிடம் போனாலும் யாராவது தெரிந்தவர் இருப்பார். கை கழுவுகிற சாருக்கே படர்தாமரை என்று மறுநாள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். எனவே பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். பெரியபாளையத்துக்காரர்களும் வைத்தியத்துக்குத் திருவள்ளூர்தான் போவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கிளினிக் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. மடியில் குழந்தை. அதன் கன்னத்தில் ஒரு வட்டம்.

“சார், நீங்க இன்னா இங்க?”

“டாக்டர் தெரிஞ்சவங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.” என் கையில் டோக்கன் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“குழந்தையத் தூக்கி வெச்சிருக்கியே” என்றேன். வாய்க்கு வேறெதுவும் வரவில்லை.

“இனிமே இன்னா சார். பத்து நாளா தூக்கல. நீங்க சொன்னா மாதிரி தனியா வாசல்ல படுத்துக்கினேன். அது கைய நீட்டினா அந்தாண்ட போய்டுவேன். இப்போ அதுக்கே வந்துட்ச்சி. நேத்துலேர்ந்து தூக்கிக்கினுதான் கீறேன்.” அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

“அந்தப் பத்து நாளும் அது கத்திக் கத்தி என் உசுர எடுத்துட்ச்சி” என்றார் மனைவி. “இவரு இன்னாடான்னா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி தள்ளி நின்னு பாக்கறாரு.”

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு திரைதான். டாக்டரம்மாவுக்கோ வகுப்பெடுக்கிற குரல்.

“வீட்ல நாய் இருக்கா?”

“இருக்கு.”

“எங்க படுக்கும்?”

“வராந்தாவுல.”

அவர் என் அக்குளை இன்னொரு முறை பார்த்தார். “வராந்தாவுல படுக்கிற நாயால இந்த எடத்துல வராதே சார்.”

வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. “என்கூடத்தான் படுக்கும்” என்றேன்.

“நாய்க்கும் வைத்தியம் பாருங்க. அது படுத்தது எல்லாத்தையும் வெந்நீர்ல துவைச்சு வெயில்ல போடுங்க. உதிர்ற முடியிலயும் இது ஒட்டிக்கினு பரவும்.”

படுத்ததையெல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். போர்வை, தலையணை, சோபா. அப்புறம் பெல்ட்.

வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

“அந்தப் பெல்ட்ட ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிருந்தீங்களா சார்?”

“ஆமா.”

குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, “நாயி நல்லா கீதா?” என்று கேட்டார்.

“ம்.”

“அதுக்கு இன்னா தெரியும், பாவம்” என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஃபைலைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “சார், இதை எழுதித் தொலைச்சிடாதீங்க. ஆடிட் வருது. சேஃப்டி ஆபீசரோட நாயின்னு போட்டா நம்மள வெச்சு செஞ்சுடுவாங்க. ஆளு குணமாயிட்டா உள்ள விடுங்க, முடிஞ்சுது.” நான் தயங்குவதுபோல் ஒரு நிமிடம் நின்றேன். உண்மையில் அப்பாடா என்றிருந்தது.

குழந்தைக்குச் சரியாயிற்று. ஒரு மாதம் கழித்து அவரும் வேலைக்கு வந்தார். நாய் வைத்தியம் முடிந்து இப்போது வராந்தாவில் படுக்கிறது. பெல்ட்டை எரித்துவிட்டேன், காரணம் எழுதாமல்.

போன வாரம் புது கான்ட்ராக்டர் ஒருவர் கூரை வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். ஃபைலைப் புரட்டியவர் நிமிர்ந்து, பெரியபாளையத்துக்காரரைக் காட்டிக் கேட்டார். “இந்தாளு தோல் வியாதிக்காரனா சார்? ஊட்டுச் சூழல் சரியில்லன்னு போட்டுக்கீது. நம்ம ஆளுங்களோட மேல ஏத்தலாமா?”

அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். சுற்றிலும் எட்டுப் பத்துப் பேர்.

“அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. தைரியமா ஏத்துங்க” என்றேன். சிபாரிசு செய்கிறவன் குரல் எனக்கு.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏணியில் கால் வைத்து ஏறத் தொடங்கினார்.