சத்து ஊசி

என் அக்காவின் இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கோவையில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக ஆறாத புண் தழும்பாகி, சாப்பாடு கீழே இறங்கும் வழியை அடைத்துவிட்டது. காலையில் உண்டது சாயங்காலம் அப்படியே வாந்தியாக வந்தது. வேறு வழியில்லை என்று அறுத்தார்கள்.

அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. சூலூரில் ஒற்றைத் தையல் மெஷினை மிதித்து அக்காதான் என்னைப் படிக்கவைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அவன் படிப்பு முடியட்டுங்க" என்று தள்ளிப்போட்டாள். இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் "என்ற தம்பி படிச்சுச் சொல்லுவான்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டையும் நான்தான் படித்துச் சொன்னேன். வயிறு நிறைய உண்ணக் கூடாது, ஆறு வேளையாகப் பிரித்து உண்ண வேண்டும், இனிப்பு கூடாது, உண்டதும் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"கடைசீல இன்னொரு வரி இருக்குதே, கண்ணு?"

மாதம் ஒரு விட்டமின் ஊசி, ஆயுள் முழுக்க என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீதிக் கம்பவுண்டர் கால்வலி, அசதி, பரீட்சைப் பயம் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு ஊசியைத்தான் குத்துவார். வரிசையில் நின்று குத்திக்கொள்ளும் ஜனங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். நான் விஞ்ஞானம் படித்தவனாயிற்றே!

"அது சத்து ஊசிக்கா. தெம்பில்லாதவங்களுக்கு எழுதறது. நீ களியும் கீரையும் உண்டாப் போதும்."

அறுத்தெடுத்த இரைப்பை இல்லாமல் அந்தச் சத்தை உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியாது. சீட்டில் காரணம் எழுதவில்லை. டாக்டர் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

மற்ற வரிகளை அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒருதரம் ஆசைப்பட்டு ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடக்கச் சுருண்டு படுத்தவள், அதன்பின் கல்யாண வீட்டு லட்டைக் கைக்குட்டையில் முடிந்து எனக்குத்தான் கொண்டுவருவாள். இப்படியே நாலைந்து வருடம் நன்றாகத்தான் போனது. நான் பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசரும் ஆகிவிட்டேன்.

அதன்பின் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. நாக்கு சிவந்து எரிகிறது என்றாள். காரத்தைக் குறை என்றேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கெழவியாயிட்டே" என்று கேலி செய்தேன். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

ஒருநாள் காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தபின் பார்த்தால், அக்காவின் ஒரு காலில் செருப்பில்லை. வெயிலில் காய்ந்த தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறாள்.

"செருப்பு கழண்டதுகூடவா தெரியாது? நெனப்பெல்லாம் எங்கே வெச்சிருக்கறே?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியிலயே, சாமி," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

மெஷினிலும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மிதிக்கும் கால் தடுமாறிச் சக்கரம் பின்னால் ஓடினால் நூல் அறும். அவள் நூல்கண்டைக் குறை சொன்னாள். நான் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, கம்பெனியிலிருந்து வந்த கையோடு மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டாரை மாட்டிக்கொடுத்தேன். காலால் லேசாக அழுத்தினால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

மூன்றாம் நாள், மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டதாக நினைத்துத் துணியைத் திருப்பியிருக்கிறாள். கால் எடுபடவில்லை. ஊசி ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் புகுந்து உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் வயதுடைய ஒரு டாக்டரம்மா ஊசித் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டார். கால் எடுபடாத கதையைக் கேட்டதும் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார்.

"இப்ப மேலயா, கீழயா?"

"மேலங்க."

விரல் கீழே இருந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் தப்பு. நான் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாசாமாசம் ஊசி போடணும்னு யாரும் சொல்லலையா? அந்தச் சத்து இல்லாமத்தான் கால் நரம்பு கெட்டிருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சொன்னாங்கம்மா. என்ற தம்பிகூடப் படிச்சுப் படிச்சுச் சொன்னான். ஊசின்னா எனக்குப் பயமுங்க. நாந்தான் போகாம இருந்துபோட்டேன்."

டாக்டரம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். இப்படி ஒரு தம்பி இருந்தும் கேட்கவில்லையே என்று எனக்காக வேறு பரிந்து பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் படிக்காத முட்டாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை.

அன்றே ஊசி ஆரம்பித்தார்கள். வந்த மாதங்களில் நாக்கு ஆறியது, அசதி போனது, தள்ளாட்டம் குறைந்தது. கால்களில் உணர்ச்சி மட்டும் திரும்ப வரவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மெஷினை விற்றுவிட்டுக் கையால் பட்டன் கட்டவும் ஓரம் அடிக்கவும் உட்கார்ந்தாள்.

முதல் ஊசி போட்ட அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏக்கா அப்படிச் சொன்னே?"

"நாலு பேர் முன்னால உன்னைய ஒருத்தர் திட்டினா என்னால தாங்க முடியாது, கண்ணு," என்றாள்.

சூலூர் வந்தது. அவள் எழுந்திருக்காமல், "செருப்பு ரெண்டும் இருக்குதா பாரு" என்றாள். ஒன்று முன்சீட்டுக்கடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, அவள் காலைப் பிடித்து, கட்டைவிரலை வாருக்குள் நுழைத்து மாட்டிவிட்டேன்.

"கெடச்சுதா?" என்று கேட்டாள்.