சரசக்கா டைப் அடிக்க மறுத்த கடிதம்

தல்லாகுளத்தில் டைப்பிங் கடை வைத்திருந்த சரசக்கா இன்று காலை காலமானார். அவருடைய மருமகன் போனில் சொன்னார். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதி டைப் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் அவர் கடை வாசலில்தான் பைக்கை நிறுத்துவேன்.

வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர மொழியில் கடை அதிரச் சண்டை போடுவார். போனை வைத்த கையோடு "பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்" என்று அடிக்கத் தொடங்குவார்.

ஒருமுறை எழுமலையிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். கிணற்றுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கேட்டு அலைந்து சலித்தவர்.

"அந்த ஆபீசர் ஒரு களவாணிப் பய. அப்படியே எழுது தாயி."

அக்கா அடித்து முடித்து வாசித்துக் காட்டினார். "தங்களுடைய பணிச்சுமையால் என் மனு கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்..."

விவசாயி என்னைப் பார்த்தார். "ஏந் தம்பி, நான் இம்புட்டு நல்லவனா?"

அக்கா விடவில்லை. "நாளைக்கும் அந்தாளு முன்னாடிதானண்ணே போய் நிக்கணும்? உக்காருங்கன்னு அவரு சொல்ற மாதிரி எழுதியிருக்கேன். திட்டுறதா இருந்தா வெளிய வந்து திட்டிக்கங்க."

போன மாதம் நானும் ஒரு கடிதத்தோடு அவரிடம் போனேன். என் மகளுக்கு எழுதியது.

அவள் விரும்பியவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நான்கு வருடமாகப் பேச்சில்லை. அவள் அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். கோச்சடை வீட்டில் நான் மட்டும்தான்...

என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல இருக்கும். அதனால் டைப் அடித்து அனுப்ப நினைத்தேன். மொத்தம் ஆறு பாயின்ட். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக. செய்தி எழுதிப் பழகிய கை.

கடைசி வரியில் "நகல்: உன் மாமாவுக்கு" என்று போட்டிருந்தேன்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பிடித்தார். "என்ன தம்பி இது? பெத்த பொண்ணுக்கு எழுதுற கடுதாசிக்கு நகல் வேறயா? மாமன் என்ன கலெக்டரா?"

"ஒரு சாட்சி இருக்கட்டும்னுதான்க்கா..."

"கேஸா நடத்தப் போறீங்க? எழுதினது அம்புட்டும் நெசமாத்தான் இருக்கும். படிச்சா அந்தப் புள்ள வீட்டுக்கு வருமா?"

அக்கா கடிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இத நான் அடிக்க மாட்டேன். கோழி கிறுக்கினாலும் உங்க கையால எழுதுங்க. கல்யாணத்துக்கு வராதது தப்புன்னு மொத வரியில போடுங்க. அதுக்குக் கீழ காரணம் எழுதாதீங்க."

காரணம் எழுதாமல் நிறுத்துவதுதான் சிரமமாக இருந்தது. நான்கு தடவை கிழித்தேன். கடைசியில் மூன்று வரி தேறியது. போன வாரம் தபாலில் சேர்த்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"பதில் வந்தா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றார். "வரலேன்னாலும் பேசுங்க தம்பி. சும்மா பேசிக்கிட்டு இருப்போம்."

பேசவில்லை. பதில் வரட்டும், சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்...

போய் வாங்க அக்கா.

சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் நாளைக் காலை வந்து சேர்கிறார். தத்தனேரியில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தகனம் என்று மருமகன் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவதும் அந்த நேரம்தான்.