பதினோராம் பெட் நோயாளி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஆகட்டும் சிஸ்டர்' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்று தலையாட்டுகிறாளே என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலாக வைத்த பெயரை, அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெண்கள் பொது வார்டில் எட்டு வருஷம். ஒரு நர்சுக்குப் பல்வலி, இன்னொருத்திக்குப் புருஷனோடு சண்டை, மறு வாரம் அதே புருஷனோடு சமாதானம். எதுவானாலும் அந்த ஷிப்ட் இவள் தலையில்தான் விடியும். மேட்ரன் அம்மாள் தம் அறைக்குக் கூப்பிட்டு, "உன்னை விட்டா இந்த வார்டுக்கு யாரும்மா இருக்கா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு இவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். தான் ஒரு நாள் வராவிட்டால் வார்டே அம்போவென்று நிற்கும் என்று அவள் மனசார நம்பினாள்.

அவளுக்கென்று ஓர் ஆசையும் இல்லாமல் இல்லை. டயாலிசிஸ் பிரிவுக்கு மாற வேண்டும். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரா வாரம் வருவார்கள். வருஷக்கணக்கில் அதே முகங்கள். பொது வார்டிலோ ஒரு முகம் பழகுவதற்குள் அது வீட்டுக்குக் கிளம்பிவிடும். லீவு நாட்களை எல்லாம் கொட்டி அந்த வேலையைப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறியிருந்தாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மேட்ரன் கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்.

"போகலாம்மா, யாரு வேணாங்கறா? ஆனா நீ போயிட்டா இந்த வார்டு என்ன ஆகும்?"

"ஆகட்டும் மேடம்."

இப்படியே போயிருந்தால் ஓய்வு பெறும் நாளிலும் 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு இன்னொரு ஷிப்ட் பார்த்திருப்பாள். ஒரு நாள் மத்தியானம், காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பாட்டி, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள். சாதாரணத் தண்ணீர். இவளுக்குள் சுருக்கென்று ஒரு வெறுப்பு எழுந்தது. குடித்துத் தொலையேன் என்று மனசு சொல்ல, கை மட்டும் டம்ளரைப் பதமாக நீட்டியது. பாட்டி, "மகராசியா இரு" என்று வாழ்த்தினாள். இவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நோயாளி மேல் எரிச்சல் வந்த பிறகு இந்த வேலையில் இருந்து என்ன பயன் என்று பயந்தே போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "வேலையை விட்டுடறேங்க. எங்க அண்ணன் செருப்புக்கடையில பில்லு போட ஆள் வேணுமாம்."

ரேடியோ, மிக்சி ரிப்பேர் பார்ப்பவர் அவர். எதையும் திருகிப் பார்க்காமல் தூக்கி எறிய மனசு வராத ஆள். "படிச்சதெல்லாம் வீணாப் போகுமேம்மா. நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கத் தெம்பு இல்லைங்க. செருப்பு தண்ணி கேக்காது. அது போதும் எனக்கு."

நர்சுகள் சோர்ந்து போகிறார்கள் என்ற சேதி நிர்வாகத்தின் காதுக்கும் எட்டியிருந்தது. உடனே நடவடிக்கை எடுத்தார்கள்: வார விடுமுறை நாளில் எல்லோரும் கட்டாயம் வந்து, மன அழுத்தம் போக்கும் வகுப்பில் உட்கார வேண்டும். பேச வந்தவர் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, "கண்ணை மூடிக்கங்க. அமைதியான கடலை நினைச்சுக்கங்க" என்றார். கண்ணை மூடிய மாத்திரத்தில் பாதிப் பேர் குறட்டை. இவளுக்குக் கடலும் தெரிந்தது, கரையில் யாருக்கோ சலைன் தீர்ந்துகொண்டிருந்ததும் தெரிந்தது. எழுந்து மாற்றப் போய் முன் நாற்காலியில் முட்டிக்கொண்டாள்.

ராஜினாமா செய்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, பல்வலிக்காரிக்காகக் காலை ஷிப்டையும் பார்த்துவிட்டு, வீட்டுச் சேலைக்கு மாறிக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் கண்ணில் பதினோராம் பெட் பட்டது. மயக்கம் என்று யாரோ ஒரு அம்மாள் வரப்போவதாகச் சொல்லி இவளே விரித்து வைத்த படுக்கை. விரிப்பில் ஒரு சுருக்கம். நர்சாகப் பிறந்தவளுக்குச் சுருங்கிய விரிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. நீவிவிட்டாள். அந்தப் பக்கத்தை நீவ ஓரமாக உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள்.

சாயங்கால ஷிப்டுக்கு அன்று வேறு கட்டிடத்திலிருந்து ஒரு நர்சை அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு இந்த வார்டில் ஒரு முகமும் தெரியாது. பதினோராம் பெட்டுக்கு மயக்கக் கேஸ் வரும் என்று காலை ஷிப்டின் இன்னொரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெட்டில் ஒரு அம்மாள் மயங்கிக் கிடக்கிறாள். கணக்குச் சரியாக இருந்தது. நிஜமான மயக்கக்காரியை உறவினர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன விஷயம் அவளை எட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். குறைவாக இருந்தது. கால்வரை போர்த்திவிட்டாள். அந்த வார்டில் இவளுக்கு ஒருவர் போர்த்திவிட்டது அதுதான் முதல் தடவை. அனுபவிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அப்போது பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் ரவுண்ட்ஸ் வந்தால் ஒரு முறை உண்டு: அவர் பேசுவார், மற்றவர்கள் 'எஸ் டாக்டர்' என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல்லை அவர் காது வாங்காது. பின்னால் வந்த மேட்ரன் பதினோராம் பெட்டைப் பார்த்ததும் விக்கித்துப்போனார். வாயைத் திறந்தார். டாக்டர் கையைத் தூக்கினார். வாய் மூடிக்கொண்டது.

டாக்டரின் விரல் நாடியில் பட்டதும் இவள் கண் விழித்தாள். கனவு என்றே நினைத்தாள். எட்டு வருஷமாக இவள் கையிலிருந்து கேஸ் சீட்டை வாங்கிய மனிதர், இன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறார்.

"எத்தனை நாளாம்மா சரியான தூக்கம் இல்ல?"

இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. "ஞாபகம் இல்ல டாக்டர்."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில ஒரு டீ."

"அப்படி என்ன வேலை பாக்கறீங்க?"

"நர்ஸ், டாக்டர்."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"இங்கதான் டாக்டர்."

"எந்த வார்டு?"

"இதே வார்டு, டாக்டர்."

பெரிய டாக்டர் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை; இனிமேல் ஆரம்பிக்கவும் அவருக்கு உத்தேசம் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேட்ரன் பக்கம் திரும்பினார். "மூணு நாள் முழு ரெஸ்ட். வீட்டுக்கு அனுப்புங்க, இங்க வெச்சா எந்திரிச்சு வேலை செய்வாங்க. போன் பண்ணி யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது."

மேட்ரன் மென்று விழுங்கினார். "எஸ் டாக்டர்."

முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் சொன்னால் என்ன, வார்டு தத்தளித்தால் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் பல்வலிக்காரிக்கு இவளே போன் போட்டாள்.

"வார்டு எப்படிடி இருக்கு?"

"எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கு. உன் ஷிப்டை நான்தான் பாக்கறேன். ஒண்ணும் கஷ்டமில்ல."

போனை வைத்துவிட்டு அழுதாள். புருஷன் ஸ்குரூ டிரைவரோடு ஓடிவந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"நான் இல்லாம வார்டு நல்லா ஓடுதாங்க."

"நல்லதுதானே?"

"அதுதாங்க வலிக்குது."

வலித்தது உண்மை. எட்டு வருஷமாகத் தாங்கிப் பிடித்த தூண், உத்தரத்தில் முட்டவே இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் அழுது முடித்து முகம் கழுவும்போது, தோள் லேசாக இருந்ததும் உண்மை.

மறுநாள் மேட்ரன் அறையில் போய் நின்றாள். "மேடம், என்னை டயாலிசிஸுக்கு மாத்திவிடுங்க. இல்லன்னா நான் செருப்புக்கடைக்குப் போறேன்."

மேட்ரனின் கை பழக்கமாகக் கன்னத்துக்குப் போனது. "நீ போயிட்டா வார்டு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"மூணு நாளா அதைத்தான் யோசிச்சேன் மேடம். ஒண்ணும் ஆகல."

"சரி, இந்த வருஷம் மட்டும்..."

"முடியாது மேடம்."

பேசியது யார் என்று பார்க்க மேட்ரன் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணாம் தேதியிலேருந்து போ."

"ஆகட்டும் மேடம்" என்றாள்.

டயாலிசிஸ் பிரிவில் சில மாதங்களிலேயே மெஷின்களும் நோயாளிகளும் அவளுக்கு அத்துப்படி. கறாரான சிஸ்டர் என்று பேராகிவிட்டது; ஷிப்ட் முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாளாம். அங்கே வரும் பழைய பஸ் டிரைவர் ஒருவர் மணிக்கு ஏழு தடவை தண்ணீர் கேட்பார். கேட்கும்போதெல்லாம் கொடுக்கக் கூடாது; சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தண்ணீரும் அளவுதான். ஏழு தடவையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காரணம் சொன்னாள். எரிச்சல் வருகிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

ஒரு நாள் பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். அவளைக் கடந்து போனவர் நின்று திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க பதினோராம் பெட் இல்ல? பாத்தீங்களா, ஒரு பேஷண்டை ஒரு தடவை பாத்துட்டா நான் மறக்கவே மாட்டேன்."

எட்டு வருஷம் அவர் பக்கத்தில் நின்றவள், புன்னகையோடு தலையாட்டினாள்.

"இப்ப நல்லா தூங்கறீங்களா?"

"தூங்கறேன் டாக்டர்" என்றாள். அது நிஜம்.